இணைய வழி விற்பனை: திரும்பி வரும் சரக்கினால் நட்டமடையாமல் இருக்க...

தேன், கருப்பட்டி, மரச்செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, மஞ்சள் தூள் போன்ற பொருள்களைச் சிறு உழவர்கள் தாமே புட்டியிலும் பையிலும் அடைத்து, இணையத்தின் வாயிலாக நாட்டின் எந்த மூலையில் உள்ள நுகர்வோருக்கும் நேரடியாக விற்கும் வாய்ப்பு இன்று ஏற்பட்டுள்ளது. இடைத்தரகருக்குப் போய்வந்த பணத்தில் ஒரு பங்கு உழவர் கைக்கே வந்து சேருகிறது. ஆயினும், சந்தையில் விற்ற சரக்கு மீண்டும் வீடு தேடி வருவதில்லை. இணையத்தில் விற்ற சரக்கோ திரும்பி வரும். சில வேளைகளில் அனுப்பிய பொருளே வராமல், வேறு பொருளும் வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 50 தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் சிறு உழவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு கிலோ தேன் புட்டியை வெளி மாநிலத்திற்கு அனுப்புகிறார். பத்தாம் நாள் அது திரும்பி வருகிறது. "தேன் கலப்படமானது" என்று வாங்கியவர் எழுதியிருக்கிறார். பணமும் அவருக்குத் திருப்பித் தரப்பட்டுவிட்டது. திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது சர்க்கரைப் பாகு. இது தம்முடைய தேன் அல்ல என்பது உழவருக்குப் பார்த்த உடனே தெரிகிறது. ஆனால் அதை மெய்ப்பிக்க அவரிடம் என்ன இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை, புட்டி திரும்பி வந்த நாளில் கிடைப்பதில்லை. அது வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலேயே தயாராக இருத்தல் வேண்டும்.

ஒரு புட்டி திரும்பினால் எவ்வளவு நட்டம்?

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: ஒரு கிலோ தேனின் விற்பனை விலை ரூ.600 என்று வைத்துக்கொள்வோம். தேனின் அடக்க விலை ரூ.380, புட்டி, பெட்டி, லேபிள் ஆகியவற்றிற்கு ரூ.40, விற்பனைத் தளத்தின் கமிஷன் ரூ.50, பார்சல் கூலி ரூ.80 எனில் மொத்தச் செலவு ரூ.550. உழவருக்கு மிஞ்சுவது ரூ.50.

இந்தப் புட்டி மீண்டும் விற்க முடியாத நிலையில் திரும்பி வந்தால், கமிஷன் திரும்பக் கிடைத்தாலும், தேன் ரூ.380, புட்டி, பெட்டி ரூ.40, போகக் கூலி ரூ.80, வரக் கூலி ரூ.80 ஆக ரூ.580 நட்டம். ஏறக்குறைய 12 புட்டிகள் விற்றுக் கிடைத்த இலாபம் ஒரே புட்டியில் போய்விடுகிறது. வாங்குபவர் பார்சலை ஏற்காமல் அப்படியே திருப்பிவிட்டாலும், இருவழிக் கூலியும் புதுப் பெட்டியும் சேர்ந்து ரூ.180 வரை நட்டம். இது 4 புட்டிகளின் இலாபத்திற்குச் சற்றே குறைவு. ஒவ்வொருவரும் தத்தம் பொருளுக்கு இவ்வாறு கணக்குப் போட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பார்சல் திரும்பினால் தம் இலாபம் முழுதும் கரையும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

திரும்பி வரும் சரக்கு நான்கு வகை

திரும்பி வரும் எல்லாச் சரக்கையும் மோசடி என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

1. வாங்குபவர் ஏற்காமல் திரும்புவது. பொருளைப் பெறும்போது பணம் தரும் முறையில் இது மிகுதி. தபாலில் வி.பி.பி. முறையில் விதையும் நூலும் வரவழைத்த காலத்திலும் இத்தொல்லை இருந்ததுண்டு.

2. பொருளில் உண்மையான குறை இருந்து திரும்புவது.

3. பொருளில் குறை இல்லாதபோதும், அதன் இயல்பை அறியாதவர் குறை என்று கருதித் திருப்புவது.

4. வஞ்சகமாகத் திருப்புவது. பாதியைப் பயன்படுத்திவிட்டு மீதியைத் திருப்புதல், வேறு பொருளை வைத்து அனுப்புதல், வந்த பெட்டி காலி என்று சொல்லுதல், பெற்றுக்கொண்டே வரவில்லை என்று சாதித்தல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

முதல் மூன்று வகைகளையும் உழவர் தம் முயற்சியால் பெருமளவு குறைக்க முடியும். அவற்றைக் குறைத்த பின்பே நான்காவது வகை தனியே தெரியும். பத்துப் புகார்களில் ஒன்பது நியாயமாக இருக்கும்போது, பத்தாவது பொய் என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அதன் கீழ் 2020ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான மின்வணிக விதிகள் ஆகிய இரண்டையும் விற்பவர் அறிந்திருத்தல் நலம். பொருள் குறையுடையதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும், சொன்ன கெடுவிற்குள் வந்து சேராவிட்டாலும், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பவோ மறுக்கக் கூடாது என்பது இவ்விதிகளின் சாரம். வெள்ளம், புயல் போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் ஏற்படும் தாமதத்திற்கு விலக்கு உண்டு. குறையுள்ள பொருளுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டிய கெடுவைப் பில்லிலேயே குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டம் கொள்கிறது.

எனவே "விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று அச்சிட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது தவறு. அதே நேரத்தில், குறை ஏதுமின்றி, மனம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் திருப்பப்படும் பொருளை ஏற்க வேண்டும் என்று இச்சட்டம் விற்பவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வாறு ஏற்பதும் ஏற்காததும் விற்பவரும் விற்பனைத் தளமும் முன்பே அறிவித்த நிபந்தனையைப் பொறுத்தது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே, 2 ஆண்டுக்குள், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். மார்த்தாண்டத்திலிருந்து அனுப்பிய தேனுக்கு டில்லியில் வழக்கு வரக்கூடும். ஆகவே ஒவ்வொரு பார்சலுக்கும் உரிய பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுக்குப் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

தளத்தில் சேருமுன்

விற்பனைத் தளத்துடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் இருத்தல் வேண்டும் என்பது விதி. அந்த ஒப்பந்தத்தைப் படித்து, பின்வருவனவற்றைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கவும்.

• தம் பொருள் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளது? உணவுப் பொருளைத் திரும்ப எடுக்காத பிரிவில் வைத்து, குறை இருந்தால் பணத்தை மட்டும் திருப்பும் தளங்கள் உண்டு. தவறான பிரிவில் பதிவு செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

• திரும்பும் பார்சலின் கூலி யாரைச் சேர்ந்தது?

• திரும்பி வந்த பொருளைப் பற்றி விற்பவர் எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும்? அதற்கு என்னென்ன சான்றுகள் கேட்கப்படும்?

• வழியில் உடைந்தால் நட்டம் கூரியரைச் சேர்ந்ததா, விற்பவரைச் சேர்ந்ததா?

இத்துடன், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண், பொருளின் பெயர், நிகர எடை, அடைத்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, அடைப்பவர் முகவரி, புகாருக்குத் தொடர்பு கொள்ளும் எண் ஆகியவை லேபிளில் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும், பொருளைத் திருப்ப நினைப்பவருக்கு அதுவே காரணமாகிவிடும்.

புகார்களைக் கவனிக்க வீட்டில் ஒருவரைப் பொறுப்பாளராகப் பெயர் குறிப்பிட்டு அறிவிக்கவும். தளத்தின் வழியாக விற்பவர், வந்த புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்று விதி உள்ளது.

பொருளின் இயல்பை முன்பே சொல்லுக

தேன் உறைவது இயற்கை. அதிலும் ரப்பர் தோட்டங்களில் கிடைக்கும் தேன் விரைவில் உறையும். குளிர் மிகுந்த ஊருக்குச் சென்றால் அடியில் சர்க்கரை படிந்ததுபோல் காணும். இதை அறியாத நுகர்வோர், சீனி கலந்துவிட்டார்கள் என்று எண்ணிப் புட்டியைத் திருப்பிவிடுகிறார். புகைப்படத்திற்குக் கீழே நான்கு வரி எழுதியிருந்தால் இப்புகார் வந்திராது. இவ்வாறே மற்றப் பொருள்களுக்கும் உரிய இயல்பை விளக்குதல் வேண்டும்.

தேன்: "குளிரில் உறையும், இது கலப்படம் அன்று. கை பொறுக்கும் சூடுள்ள நீரில் புட்டியைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் இளகும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம்."

தேங்காய் எண்ணெய்: ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்து வெண்மையாகும். மார்கழி, தை மாதங்களில் வட மாநிலங்களுக்கு அனுப்பும்போது இதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். குறுகிய வாய்ப் புட்டியைத் தவிர்த்து அகன்ற வாய்ப் புட்டியில் அடைத்தால், உறைந்த எண்ணெயைக் கரண்டியால் எடுக்க வசதியாக இருக்கும்.

மரச்செக்குக் கடலை எண்ணெய்: அடியில் சிறிது வண்டல் தங்கக்கூடும். நன்கு தெளியவைத்த பின் அடைப்பதோடு, இதையும் சொல்லிவிட வேண்டும்.

கருப்புக் கவுனி அரிசி: கழுவும்போது நீர் ஊதா நிறமாகும். இது அரிசியின் மேல்தோலில் உள்ள இயற்கை நிறமி, சாயம் அன்று.

கருப்பட்டி: மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். காற்றுப்புகாத உறையில் அடைத்து, திறந்த பின் மூடி வைக்குமாறு எழுத வேண்டும்.

தவிடு நீக்காத அரிசி: தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும், வண்டும் விழும். நன்கு உலர்த்திக் காற்று நீக்கிய பையில் அடைத்து, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடவும்.

சொல்லாததால் வரும் புகார் ஒருபுறம் இருக்க, மிகையாகச் சொல்வதால் வரும் புகாரும் உண்டு. நோய் தீர்க்கும் என்று எழுதக் கூடாது. உரிய சான்று இல்லாமல் இயற்கை வேளாண் விளைபொருள் என்று பொறிப்பதைத் தவிர்க்க வேண்டும். மூன்று நாளில் வந்து சேரும் என்று வாக்களித்து ஆறு நாளில் சேர்ந்தால், பொருள் நன்றாக இருந்தாலும் திருப்புவதற்கு வாங்கியவருக்கு உரிமை ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே வழக்கமாகப் பிடிக்கும் நாளுடன் இரண்டு நாள் கூட்டியே சொல்ல வேண்டும்.

உண்மையான குறையைக் களைதல்

தேனில் ஈரம் மிகுந்தால் அது புளித்து, நுரைத்து, மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். இது விற்பவர் குறையே. அறைகளில் பெரும்பகுதி மெழுகால் மூடப்பட்ட அடைகளிலிருந்து மட்டும் தேன் எடுத்தல் வேண்டும். ஈரப்பதம் பொதுவாக 20 சதத்திற்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கையடக்கக் கருவியால் ஒரு சொட்டுத் தேனைக் கொண்டே இதை அறியலாம். தனியாக வாங்க இயலாதவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு கருவியை வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

அடைத்த பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கீழே போட்டுப் பார்க்கவும். புட்டி உடைந்தாலும் கசிந்தாலும் அந்தக் கட்டுமுறை போதாது என்று பொருள். கண்ணாடிப் புட்டிக்கு ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியும், நாற்புறமும் மெத்தைபோன்ற அடைப்பும் தேவை. அசைத்தால் உள்ளே ஆடுதல் கூடாது.

அனுப்பும் நாளில் சேர்க்க வேண்டிய சான்றுகள்

வஞ்சகத்திலிருந்து காப்பாற்றுவது இப்பகுதியே. ஒரு பார்சலுக்குச் சில நிமிடங்கள்தான் செலவாகும்.

தொகுதி எண்: ஒரே நாளில் எடுத்த தேனுக்கு ஒரே எண் கொடுத்து எல்லாப் புட்டிகளிலும் எழுதவும். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக எடுத்த நாள், ஈரப்பதம், நிறம், மொத்த அளவு ஆகியவற்றைக் குறிக்கவும்.

மாதிரி: ஒவ்வொரு தொகுதியிலும் 100 கிராம் அளவுக்கு எடுத்து, அடைத்து, முத்திரையிட்டு, பயன்படுத்தும் கெடு முடியும் வரை நிழலில் வைத்திருக்கவும். கலப்படம் என்று புகார் வந்தால் ஆய்வுக்கு அனுப்ப இதுவே உதவும்.

எடை: புட்டியைத் தனியாகவும், கட்டிய பெட்டியை மொத்தமாகவும் கிராம் வரை எடை போட்டுக் குறிக்கவும். கூரியர் அல்லது தபால் நிலைய ரசீதிலும் எடை இருக்கும். மூன்றாம் தரப்பார் போட்ட எடையாதலால் அதற்கு மதிப்பு மிகுதி. பெட்டி காலியாக வந்தது என்று சொல்பவருக்கு இந்த ரசீதே விடை.

முத்திரை: திறந்தால் கிழியும் முத்திரையை மூடியின் மேல் ஒட்டி, அதில் ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பேனாவால் எழுதவும். "முத்திரை கிழிந்திருந்தால் பார்சலைப் பெற வேண்டாம்" என்று பெட்டியின் மேலும் எழுதவும்.

படம்: தொகுதி எண், தராசின் எண், புட்டியைப் பெட்டிக்குள் வைத்தல், பெட்டியை ஒட்டுதல், முகவரிச் சீட்டு ஆகிய அனைத்தும் தெரியும்படி, இடையில் நிறுத்தாமல், கைப்பேசியில் ஒரே ஓட்டமாக வீடியோ எடுக்கவும். வெட்டி ஒட்டிய படத்திற்கு மதிப்பில்லை. எடுத்த படத்தை அழிக்காமல் மாத வாரியாக வேறோர் இடத்திலும் சேமித்து வைக்கவும்.

பில்: எவ்வளவு சிறிய ஆர்டராயினும் பில் கொடுக்க வேண்டும். பில் கொடுக்காமையே நேர்மையற்ற வணிகமாகச் சட்டத்தில் கருதப்படுகிறது. பில்லின் கீழே நிபந்தனையைப் பின்வருமாறு அச்சிடலாம்:

"இது உணவுப் பொருள். உடைந்தோ, கசிந்தோ, கெட்டோ, மாறியோ வந்திருந்தால் பெட்டியைத் திறக்கும்போது எடுத்த படத்துடன் 2 நாளுக்குள் தெரிவிக்கவும். சரிபார்த்து, மாற்றுப் பொருள் அல்லது பணம் 15 நாளுக்குள் தரப்படும். திருப்பும் கூலி எங்களைச் சேர்ந்தது. முத்திரை திறந்த பொருளை, குறையின்றி, மனமாற்றத்திற்காகத் திரும்ப எடுப்பதற்கில்லை."

இதே வாசகம் விற்பனைப் பக்கத்திலும் இருத்தல் வேண்டும். வாங்கிய பிறகு காட்டும் நிபந்தனையைவிட வாங்குமுன் காட்டிய நிபந்தனைக்கே வலு உண்டு. தளத்தின் வழியாக விற்பவர்கள், அத்தளத்தின் நிபந்தனைக்கு முரண்படாதபடி இதனை அமைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் பெறும் முறை

புதிய வாடிக்கையாளர்களுக்கு முன்பணம் பெற்று அனுப்புவதே சிறந்தது. பொருளைப் பெறும்போது பணம் என்ற முறையைத் தவிர்க்க முடியாவிட்டால், இருவழிக் கூலிக்கு ஈடான தொகையையேனும் முன்பணமாகப் பெறலாம். அனுப்புமுன் தொலைபேசியில் பேசி, முகவரியையும், வீட்டில் இருக்கும் நாளையும் உறுதி செய்துகொள்ளவும். தொலைபேசியை எடுக்காதவருக்குச் சரக்கை அனுப்ப வேண்டாம். பொருளை ஒப்படைக்கும்போது ஓ.டி.பி. எண் கேட்டுப் பெறும் வசதி கூரியரில் இருந்தால், விலையுயர்ந்த ஆர்டர்களுக்கு அதைப் பயன்படுத்தவும். வரவில்லை என்ற பொய்ப் புகாருக்கு அது நல்ல தடை.

திரும்பி வந்த பெட்டியைத் திறக்கும் முறை

1. கூரியர் ஆளிடம் கையெழுத்திடுமுன் பெட்டியின் நிலையைப் பார்க்கவும். கிழிந்தோ நனைந்தோ இருந்தால் ரசீதிலேயே எழுதிக் கையொப்பமிடவும்.

2. திறக்குமுன் எடை போடவும். ஒரு கிலோ தேன் கொள்ளும் புட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 700 கிராம்தான் கொள்ளும். சர்க்கரைப் பாகும் அதே அளவுத் தேனைவிட எடை குறைவு. எனவே பல வேளைகளில் தராசே உண்மையைச் சொல்லிவிடும்.

3. முகவரிச் சீட்டு, முத்திரை, தொகுதி எண் ஆகியவை தெரியும்படி, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்துக்கொண்டே திறக்கவும்.

4. தேனாயின் ஒரு சொட்டு எடுத்து ஈரப்பதம் பார்க்கவும். அனுப்பும்போது 19 சதம் என்று பதிவேட்டில் இருந்து, திரும்பி வந்ததில் 30 சதம் காட்டினால், தண்ணீரோ பாகோ சேர்ந்துள்ளது என்பதற்கு அது வலுவான சான்று.

5. அன்றே, தாமதமின்றி, அனுப்பிய நாள் வீடியோ, திறந்த நாள் வீடியோ, இரு எடைகள், பில், கூரியர் ரசீது ஆகியவற்றுடன் தளத்தில் முறையிடவும். பல நியாயமான முறையீடுகள் கெடு தாண்டிய காரணத்தாலேயே தள்ளப்படுகின்றன. ஒரு முறை மறுக்கப்பட்டால் ஒப்பந்தத்தில் கண்ட மேல்முறையீட்டையும் செய்யவும்.

முறையீட்டில் கோபச் சொற்களைத் தவிர்த்து, நாள், எடை, எண் ஆகியவற்றை மட்டும் எழுத வேண்டும். வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் பொதுவில் வெளியிட்டு ஏசுதல் கூடாது. நியாயம் தம் பக்கம் இருந்தும் வீண் வழக்கில் சிக்கிக்கொள்ள அது இடம் தரும். சிக்கல் பெரிதானால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். பெண்களும், ஆதி திராவிடர், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி அங்கு இலவசச் சட்ட உதவி பெறலாம்.

திரும்பி வந்த பொருளை என்ன செய்வது?

வாங்குபவர் பெறாமலேயே, முத்திரை கலையாமல், விரைவில் திரும்பி வந்த பொருளைச் சரிபார்த்து, கெடு நாள் போதிய அளவு இருந்தால் மீண்டும் அனுப்பலாம். வாங்கியவர் வீட்டிற்குச் சென்று திரும்பிய உணவுப் பொருளை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மீண்டும் விற்கக் கூடாது. ஒரு புட்டி மிச்சம் பிடிக்கப்போய்ப் பெயரை இழக்க நேரிடும்.

திரும்பி வந்த தேனை வீணாக்க மனமின்றித் தேனீக்களுக்கு உணவாக வைப்பதும் தவறு. புட்டியில் இருப்பது எங்கிருந்து வந்த தேன் என்பது தெரியாது. தேனின் மூலம் புழு அழுகல் போன்ற நோய்கள் கூட்டத்திற்குப் பரவக்கூடும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்ததை மூத்த தேனீ வளர்ப்போர் மறந்திருக்கமாட்டார்கள். ரூ.380 தேனுக்காகப் பெட்டிகளையே இழக்க நேரிடலாம். முறையீடு முடியும் வரை சான்றாக வைத்திருந்து, பின்னர்த் தேனீக்கள் அண்டாதவாறு ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடவும்.

பணம் திருப்பும் பெயரில் நடக்கும் ஏமாற்று

சரக்கே திரும்பாமல் பணம் மட்டும் போகும் வழியும் உண்டு. "ரூ.600க்குப் பதில் ரூ.6,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று ஒருவர் பதற்றத்துடன் பேசுவார். பணம் வந்ததாகப் போலிக் குறுஞ்செய்தியும் படமும் அனுப்புவார். கைப்பேசிக்கு வரும் படம் வரவு ஆகாது. வங்கிக் கணக்கின் இருப்பைத் தாமே பார்த்த பின்பே எதையும் செய்ய வேண்டும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணை அடிக்கத் தேவையே இல்லை. அதை அடித்தால் பணம் போகும், வராது. உண்மையாகவே பணத்தைத் திருப்ப வேண்டியிருந்தால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்கிற்கே திருப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனடியாக 1930 என்ற எண்ணில் புகார் செய்யவும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மீட்கும் வாய்ப்பு கூடும்.

பதிவேடு ஒன்று போதும்

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள இயலாதே என்று மலைக்க வேண்டியதில்லை. கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில், நாள், ஆர்டர் எண், தொகுதி எண், புட்டி எடை, பெட்டி எடை, ரசீது எண், சேர்ந்த நாள், திரும்பிய நாள், திரும்பிய காரணம் என்று ஒன்பது பத்திகள் போட்டால் போதும். மாத முடிவில் கடைசிப் பத்தியை மட்டும் படித்துப் பார்க்கவும். ஒரே காரணம் மீண்டும் மீண்டும் வந்தால், குறை பொருளிலோ கட்டிலோ விளக்கத்திலோ இருக்கிறது. ஒரே ஊரிலிருந்தோ ஒரே முகவரியிலிருந்தோ மீண்டும் மீண்டும் திரும்பினால், அங்கு அனுப்புவதை நிறுத்திக்கொள்ளலாம். மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இப்பதிவேட்டைப் பொதுவாக வைத்தால், ஒருவர் பட்ட அனுபவம் மற்றவருக்கும் பயன்படும்.

நியாயமான புகார் வந்தால் வாதாடாமல் உடனே மாற்றுப் பொருளை அனுப்ப வேண்டும். அவ்வாறு தீர்த்துவைக்கப்பட்ட வாடிக்கையாளர் பெரும்பாலும் மீண்டும் வாங்குவார். நியாயமற்ற புகாருக்கோ பதற வேண்டியதில்லை. சர்க்கரைப் பாகு நிரம்பி வந்த புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் உழவரிடம், புறப்பட்ட நாளின் எடையும், ஈரப்பத அளவும், ஒரே ஓட்டமாக எடுத்த படமும் இருக்குமானால், அவர் தம் சொல்லை நம்பும்படி எவரையும் கெஞ்ச வேண்டிய நிலை இராது. களத்து நெல்லை அளந்து, மூட்டை கட்டிக் கணக்கெழுதிய பின்பே வண்டியில் ஏற்றுவது உழவர் வழக்கம். அதே கவனத்தை ஒரு புட்டித் தேனுக்கும் கொடுத்தால், இணைய வழி விற்பனையிலும் பெருமளவு நட்டத்தைத் தவிர்த்து இலாபம் பெறலாம்.